மாட்டிறைச்சியும் மன்பதை நலனும்

மனிதன் உண்ணும் உணவு அவன் உடம்பினை மட்டும் ஆக்குவதன்று. அவன் வாழும் நிலத்தையும், அந்நிலத்து நிற்குங் காட்டையும், அக்காட்டினாற் பெறும் மழையையும் ஆக்கவும் அழிக்கவும் வல்லது. முன்னாளில் ஒரு சிற்றூரான் உண்டது பெரும்பாலும் அவ்வூர் வயலிலும் தோட்டத்திலும் விளைந்தது. அவ்வுணவால் வந்த நன்மையும் தீமையும் அவ்வூரெல்லைக்குள் அடங்கின. இன்று நிலைமை அஃதன்று. மாநகர் ஒன்றில் ஒருவன் நண்பகலில் உண்ணும் இறைச்சித் துண்டம் ஒன்றின் பின்னே, அவன் கண்டறியாத கண்டத்தில் எரியுண்ட காடொன்று இருத்தல் கூடும். உண்பவனுக்கும் உணவு விளையும் இடத்துக்கும் இடையே கடல்கள் கிடக்கின்றமையின், தன் உணவு செய்யுந் தீங்கினை உண்பவன் காண்பதில்லை. காணாத தீங்கினைக் காணச் செய்தல் கல்வியின் கடமைகளுள் ஒன்று. ஆதலின், மாட்டிறைச்சி உண்ணுதலால் உடம்புக்கும் உலகுக்கும் விளையுங் கேடுகளைப் பற்றிச் சில கூறுதற்கு இந்த யூபிலி மலரில் இடம் வேண்டினோம். மலர்க் குழுவினரும் அன்புடன் உதவினர்.

பழைய நினைவுகளும் வாழ்த்துக்களும் நிறைந்திருக்க வேண்டிய மலரில் ஊணைப் பற்றிய கட்டுரை எதற்கு எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. எனினும், நம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று இந்நாட்டில் மட்டும் வாழ்கின்றாரல்லர். இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் குடும்பத்தோடு வாழ்வார் பலர். கல்லூரி விடுதியிற் பருப்பும் கீரையும் தயிரும் உண்டு வளர்ந்த அவர்தம் மக்கள், மாட்டிறைச்சி நாளாந்த உணவாயுள்ள நாடுகளிற் பள்ளி செல்கின்றனர். "அப்பா, இதை நாங்கள் ஏன் உண்ணக்கூடாது?" என்று பிள்ளை வினவும்போது, "அது நம் வழக்கமன்று" என்பதே பெரும்பாலார் கூறும் விடை. அவ்விடை ஒரு தலைமுறைக்குப் போதுமானதாயிருந்தது. அடுத்த தலைமுறைக்குப் போதாது. காரணங் காட்டாத விலக்கு, காவலன் அகன்றவுடன் அழியும் வேலி போன்றது. காரணத்தை எடுத்துக் காட்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு ஒன்றனை முதற்கண் தெளிவுறுத்தல் வேண்டும். நம் நாட்டில் மாட்டிறைச்சி உண்பாரும் விற்பாருமாகிய அயலவர் பலர் உளர். சைவரென்று தம்மைக் கூறிக்கொள்வாருள்ளும் மறைவாக உண்பார் உளர் என்பதை மறைத்தற்கில்லை. இப்பொருளைப் பிறர்மேல் எறியுங் கல்லாகப் பயன்படுத்துவாரை இந்நாட்டிலும் பாரதத்திலும் கண்டிருக்கின்றோம். பசுவின் பெயரால் மனிதனைப் பகைத்தல் பசுவுக்குச் செய்யுந் தொண்டாகாது. யாம் கூறப் புகுவன எந்த மதத்தாருக்கும் பொதுவாகிய உடல் நூலும் நில நூலும் கண்ட உண்மைகள். அவற்றை முதலில் நமக்கே கூறிக்கொள்கின்றோம்.

இனி, உடம்பினை நோக்குவாம். உலக சுகாதார தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று பிரான்சு நாட்டு லியோன் நகரில் உள்ளது. 2015 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், 10 நாடுகளைச் சேர்ந்த 22 அறிஞர் அங்குக் கூடி, 800க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கி ஒரு முடிபினை வெளியிட்டனர். உப்பிட்டும் புகையூட்டியும் இரசாயனங் கலந்தும் பதப்படுத்திய இறைச்சி, மனிதர்க்குப் புற்றுநோயை விளைப்பது என்பதற்குப் போதிய சான்றுண்டு எனக் கண்டு, அதனை முதல் வகுப்பிற் சேர்த்தனர். மாடு, பன்றி, ஆடு முதலியவற்றின் செந்நிற இறைச்சியோ புற்றுநோயைப் பெரும்பாலும் விளைக்கக்கூடியது என அடுத்த வகுப்பிற் சேர்க்கப்பட்டது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பார்க்குப் பெருங்குடலிலும் நேர்குடலிலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு, உண்ணாதாரை நோக்க 18 சதவீதம் மிகும் என்பது அவர் கண்ட கணக்கு. ஐம்பது கிராம் என்பது தகரத்தில் அடைத்து வரும் மாட்டிறைச்சியில் இரண்டொரு துண்டமே.

புகையிலையும் அம்முதல் வகுப்பிலேயே வைக்கப்பட்டுள்ளது. இதனைக் கொண்டு, இறைச்சி உண்டலும் புகைபிடித்தலும் ஒத்த தீங்கின என்று சிலர் முழங்குவர். அது பிழை. அவ்வகுப்பு, சான்றின் உறுதியைக் குறிப்பதேயன்றித் தீங்கின் அளவைக் குறிப்பதன்று. புகையிலையாற் சாவார் தொகை இதனிலும் பன்மடங்கு பெரிது. நல்ல வழக்கினை மிகைபடக் கூறுவார் அவ்வழக்கினைத் தாமே கெடுப்பர். உள்ளபடி கூறினாலே போதும், உள்ளதே அஞ்சத்தக்கது.

இத்தீங்கு எவ்வாறு நேர்கின்றது? மாட்டிறைச்சிக்குச் செந்நிறந் தருவது இரும்பு சேர்ந்த ஈம் என்னும் பொருள். அது குடலின் உட்சுவரை உறுத்துவதோடு, அங்குப் புற்றுநோய்க்கு ஏதுவாகிய நைதரசன் சேர்வைகள் உண்டாகவுந் துணை செய்கின்றது. பதப்படுத்தற்கு இடும் நைத்திரைற்று உப்பு அதனை மேலும் மிகுவிக்கின்றது. தணலிலே வாட்டியும் கருகப் பொரித்தும் உண்ணும்போது வேறு சில நச்சுப் பொருள்கள் தோன்றுகின்றன. இவற்றோடு, மாட்டுக் கொழுப்பு இரத்தத்திற் கொலத்திரோலை உயர்த்தி, இதயக் குழாய்களை அடைக்கும் நோய்க்கு வழி கோலுகின்றது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம், செந்நிற இறைச்சியை உண்பார் சமைத்த நிறையில் வாரத்திற்கு 350 முதல் 500 கிராமுக்கு மேற்படலாகாது என்றும், பதப்படுத்திய இறைச்சியை இயன்றவரை முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகின்றது. ஒரு வேளையிலே கால் கிலோ உண்ணும் வழக்கமுடையார்க்கு இவ்வளவு இரண்டு நாளிலே தீர்ந்துவிடும்.

நிற்க, இறைச்சியோடு உடன்வரும் நோய்கள் வேறு. மாட்டின் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பற்றீரியாவின் கொடிய இனம் ஒன்று மாட்டுக்கு யாதுந் தீங்கு செய்வதில்லை. மனிதனுக்குக் குருதிக் கழிச்சலை உண்டாக்கி, சிறுவரின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றது. முழுத் துண்டமாயின் அக்கிருமி மேற்பரப்பில் மட்டும் நிற்கும், நெருப்பில் மடியும். இறைச்சியை அரைத்து வடையாகத் தட்டும்போது மேற்புறத்தது உட்புறம் புகுகின்றது. நடுப்பகுதி வேகாவிடின் பிழைத்துக்கொள்கின்றது. 1993 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இவ்வாறு அரைவேக்காட்டு இறைச்சியை உண்டு 700க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். குழந்தைகள் நால்வர் மாண்டனர். ஒரு பொறியில் அரைபடுவது பல மாடுகளின் இறைச்சியாதலின், ஒரு மாட்டின் நோய் பலர் தட்டினை அடைகின்றது.

இவை அனைத்தினும் சிந்திக்கத்தக்கது பிரித்தானியாவில் நிகழ்ந்தது. புல்லுண்ணும் விலங்குக்கு ஊனை ஊட்டினால் என்ன நேரும் என்பதனை அந்நாடு பெருவிலை கொடுத்து அறிந்தது. இறந்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் உலர்த்தி மாவாக்கி, பால் மிகும் பொருட்டு மாடுகளின் தீனியிற் கலந்தனர். 1986 ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், மாடுகள் தள்ளாடி விழுந்து, மூளை கடற்பஞ்சு போலத் துளைபட்டு மடியும் புதியதொரு நோய் அங்கு இனங்காணப்பட்டது. 1988 இல் அத்தீனி தடைசெய்யப்பட்டது. எனினும், இறைச்சியை உண்பதால் மனிதர்க்குத் தீங்கில்லை என்று அரசினர் ஆண்டுக்கணக்கிற் கூறிவந்தனர். 1990 இல் வேளாண்மை அமைச்சர் ஒருவர், பத்திரிகையாளர் காணத் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி வடை ஊட்ட முயன்றதும் நடந்தது. ஆறாண்டுகளின் பின், 1996 மார்ச்சு 20 ஆம் நாள், அந்நோய் மனிதரைப் பற்றியிருத்தல் கூடும் எனப் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று.

அந்நோய்க்குக் காரணம் பற்றீரியாவுமன்று, வைரசுமன்று. உருத்திரிந்த ஒரு புரதம். சமையல் நெருப்பு அதனை அழிப்பதில்லை. இன்றளவும் அதற்கு மருந்தில்லை. பிரித்தானியாவில் மட்டும் அதனால் இறந்தோர் 178 பேர்; அவருட் பலர் இளைஞர். நோயுற்றனவாக உறுதிசெய்யப்பட்ட மாடுகள் 1,80,000க்கு மேல். நோய் பரவாமற் காக்கக் கொன்று அழிக்கப்பட்டன 40 இலட்சத்துக்கு மேல். தொகையில் 178 சிறிதெனத் தோன்றலாம். ஆனால், மலிவையே குறிக்கோளாகக் கொண்ட ஒரு தொழில், தான் அறியாததனை அறிந்ததுபோல் நடந்து, ஒரு நாட்டின் மக்களனைவரையும் பல்லாண்டு ஆபத்தில் வைத்திருந்தது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

அம்மலிவின் பொருட்டே மாடுகள் நெருக்கமாக அடைக்கப்பட்ட பெருந்தொழுவங்களில், நோயில்லாத மாட்டுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினைத் தீனியிற் கலந்து கொடுக்கும் வழக்கம் வளர்ந்தது. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. இதனை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சியைத் தூண்டுதற்காக அம்மருந்தினைக் கலத்தலை 2006 ஆம் ஆண்டு முதல் விலக்கியது. நம் பிள்ளைக்கு நுரையீரற் காய்ச்சல் வந்தபோது வைத்தியர் நம்பியிருக்கும் மருந்து, எங்கோ ஒரு தொழுவத்திலே வலுவிழந்து போகின்றது என்றால், இறைச்சியை உண்ணாதாரும் அதன் தீங்கினின்று தப்பினாரல்லர்.

இனி, உலகினை நோக்குவாம். மாடு இரைமீட்கும் விலங்கு. அதன் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் மனிதனாற் செரிக்கலாகாத புல்லைச் செரித்துக் கொடுக்கின்றன. இயற்கையின் அருங்கொடை இது. அச்செரிமானத்தில் மெதேன் என்னும் வாயு உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழி வெளிப்படுகின்றது. அவ்வாயு காபனீரொட்சைட்டைப் போல வெப்பத்தைப் பூமியின்மேற் பிடித்துவைப்பது. நூறாண்டுக் கணக்கில் நோக்கின், நிறைக்கு நிறை ஏறக்குறைய 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வன்மையுடையது. ஊரில் நான்கு மாடு நின்ற காலத்து இதனாற் கேடில்லை. இன்று உலகில் நிற்பன நூறு கோடிக்கு மேல்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய தாபனம், மனிதர் செயலால் வெளிவரும் வெப்பவாயுக்களிற் கால்நடையின் பங்கு 18 சதவீதம் என 2006 இலும், 14.5 சதவீதம் என 2013 இலும், ஏறக்குறைய 12 சதவீதம் என 2023 இலும் கணித்தது. கணிக்கும் முறை மாறியமையால் எண்கள் மாறின. எண் மாறினும், அப்பங்கில் ஐந்தில் மூன்று மாட்டினத்தையே சாரும் என்பது மாறவில்லை. இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெறுதற்குச் சராசரி 50 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஒப்பான வாயு வெளிப்படுகின்றது. அதே அளவு புரதத்தைப் பட்டாணியிலிருந்து பெறுதற்கு அரைக் கிலோகிராமும் ஆகாது. ஒக்சுபோட்டுப் பல்கலைக்கழகத்து யோசப்பு பூர், சுவிற்சர்லாந்து நாட்டுத் தோமசு நெமெசெக் என்னும் இருவர், 119 நாடுகளில் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. உலகின் விவசாய நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விலங்குணவுக்காக ஈடுபடுத்தப்பட்டும், அதனால் மனிதன் பெறுஞ் சக்தி ஐந்தில் ஒரு பங்குக்குங் குறைவே என்பதும் அவர் கண்டது. நூறு ரூபா முதலிட்டுச் சில ரூபா மீட்கும் வணிகனை நாம் அறிவுடையவன் என்னோம்.

நீர்க் கணக்கும் இத்தகையதே. ஒரு கிலோகிராம் மாட்டிறைச்சிக்கு உலகச் சராசரியாக 15,400 இலீற்றர் நீர் செலவாகின்றது என்றும், ஒரு கிலோகிராம் பருப்பு வகைக்கு ஏறக்குறைய 4,000 இலீற்றர் என்றும் ஒல்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அந்நீரிற் பெரும்பகுதி புல்மேலும் தீனிப் பயிர்மேலும் பெய்யும் மழையே என்பதனையுங் கூறுதல் நேர்மையாகும். ஆயினும், அம்மழை பெய்த நிலம் வேறொன்றுக்கு உதவியிருக்கும் என்பதை எண்ணல் வேண்டும். கிணற்று நீரையே நம்பித் துலாவிட்டு இறைத்துப் பயிர் வளர்த்த மக்களுக்கு நீரின் அருமையை எடுத்துரைத்தல் மிகை.

இவ்வெண்களுக்கு உருக்கொடுத்துக் காட்டுவது அமேசன் காடு. அக்காடு நமக்கு அந்நியமானதன்று. நம் நாட்டு இறப்பர்த் தோட்டங்களின் தாய்நிலம் அதுவே. 1876 ஆம் ஆண்டு அமேசனிலிருந்து வித்துக்களைக் கொண்டுசென்று, இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் முளைப்பித்து, அந்நாற்றுக்களை எனறத்கொடைப் பூங்காவில் நட்டமையாலேயே இலங்கையில் இறப்பர் வளர்ந்தது. அத்தாய்க்காட்டிலே, மரத்தை வெட்டாமற் பாலை மட்டும் எடுத்துப் பிழைக்கும் ஏழைகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பிரேசில் நாட்டின் அக்கிரி மாநிலத்துச் சாப்புரி என்னும் ஊரிற் பிறந்த சிக்கோ மென்டிசு அவருள் ஒருவர். இளமையிலே பள்ளி காணாதவர். மாட்டுப் பண்ணைக்காரர் காட்டை வெட்ட வரும்போது, பெண்டிர் பிள்ளைகளோடு சென்று மரங்களின் முன்னே நின்று, படைக்கலம் ஏந்தாது தடுக்கும் முறையினை அவரும் அவர் தோழரும் கையாண்டனர். 1988 டிசெம்பர் 22 ஆம் நாள், தம் வீட்டு வாயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர்க்கு அகவை 44. கொலைக்காக மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரும் அவர் மகனும் 1990 இல் தண்டிக்கப்பட்டனர்.

அவர் மறைந்த பின்னுங் காடு வெட்டப்பட்டது. 2004 ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் பிரேசில் நாட்டு அமேசனில் அழிந்த காடு ஏறக்குறைய 27,700 சதுர கிலோமீற்றர். அஃதாவது, நம் இலங்கைத் தீவின் பரப்பில் ஐந்தில் இரண்டுக்கு மேல். அரசு கடுமையாகக் கண்காணித்தபோது அஃது 2012 இல் ஏறக்குறைய 4,600 ஆகக் குறைந்தது. கண்காணிப்புத் தளர்ந்தபோது 2021 இல் 13,000 ஆக ஏறியது. இவ்வாறு வெட்டிய நிலத்திற் பெரும்பகுதி இன்று மாட்டு மேய்ச்சல் நிலம். உலகில் மாட்டிறைச்சியை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடும் பிரேசிலே.

காடு அழிந்தது அழிந்ததுதானோ எனின், அன்று. நடு அமெரிக்காவிலுள்ள கொசுத்தா றிக்கா என்னுஞ் சிறு நாடு அதற்குச் சான்று. ஐக்கிய அமெரிக்கர் விரும்பும் மலிவான இறைச்சி வடைக்காகவே நடு அமெரிக்கக் காடுகள் மேய்ச்சல் நிலமாகின்றன என்று நோர்மன் மையர்சு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1981 இல் எடுத்துக்காட்டினார். அந்நாட்டிற் காடு நாட்டுப் பரப்பின் காற்பங்களவாகச் சுருங்கியிருந்த காலம் அது. பின்னர் மாட்டிறைச்சி விலை வீழ்ந்தது. 1996 இல் வந்த சட்டம் காட்டை அழித்து வேறு பயனுக்கு மாற்றுதலைத் தடுத்தது. காட்டைக் காப்பார்க்கு அரசு பணமுங் கொடுத்தது. இன்று அந்நாட்டிற் பாதிக்கு மேல் மீண்டுங் காடு. வாங்குவார் குறைந்தாற் காடு மீளும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த பாடம் வேண்டா.

இனி, இதன்மேல் எழும் தடைகளை ஆராய்வாம். இறைச்சியின்றி உடலுரம் ஏது என்பது முதலாவது. மாட்டிறைச்சியிற் புரதமும் இரும்பும் விற்றமின் பி12 உம் உள்ளன என்பது மெய். ஆனால், அவை பிறவிடத்தும் உள்ளன. உளுந்து, பயறு, கடலை, பருப்பு ஆகியவற்றைச் சோற்றோடு சேர்த்துண்ணும்போது புரதம் குறைவறக் கிடைக்கின்றது. கீரையிலும் குரக்கனிலும் எள்ளிலும் இரும்புண்டு. தேசிக்காய்ச் சாறு சேர்த்துண்டால் அவ்விரும்பு எளிதில் உடலிற் சேரும். பி12 மட்டும் தாவரத்தில் இல்லை. பால், தயிர், முட்டை ஆகியவற்றில் உண்டு. அவையும் உண்ணாதார் அதனை மாத்திரையாகக் கொள்ளல் வேண்டும். இதனை மறைத்துச் சைவ உணவு மட்டும் போதும் என வாளா கூறின், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவராவோம்.

ஏழை இடையன் பிழைப்பு என்னாவது என்பது இரண்டாவது. உழவு விளையாத வறள் நிலத்தில் ஒட்டகமும் மாடும் மேய்த்து உயிர்வாழும் ஆபிரிக்க மக்களைக் குறித்து யாம் யாதுங் கூறவில்லை. அவர்க்கு வேறு வழியில்லை. வழி பலவுடையராய், அங்காடியிற் பத்து வகைப் பருப்பு முன்னே கிடப்ப, அவற்றைக் கடந்துசென்று இறைச்சித் தட்டினை எடுப்பாரை நோக்கியே இது கூறப்படுகின்றது.

மூன்றாவது தடை நம்மை நோக்கியே வருவது. "மாட்டிறைச்சி உண்ணாத நீவிர் மாட்டுப் பால் அருந்துகின்றீரே, பால் வற்றிய பசு எங்கே போகின்றது? காளைக் கன்று எங்கே போகின்றது?" என்று ஒருவர் வினவினால் நாம் யாது விடை கூறுவோம்? பால் கறந்த காலத்துப் பொட்டிட்டுப் பொங்கற் படைத்து வணங்கிய பசுவை, பால் வற்றியதும் அதிகாலையில் வரும் வியாபாரியிடம் கயிற்றோடு கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கும் வீடுகள் நம் ஊர்களில் இல்லையா? உழவுப்பொறி வந்த பின் எருதுக்குத் தொழிலின்மையாற் காளைக் கன்று பிறந்தவுடனே சுமையாகிவிட்டது. நம் நாட்டுக்கு இறக்குமதியாகும் பால்மாவிற் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருவது. அங்குப் பண்ணைக்கு வேண்டாத கன்றுகள் பிறந்த சில நாளிலேயே கொல்லப்படுகின்றன. பால் குறைந்த பசுக்களின் இறைச்சி அமெரிக்காவுக்குச் சென்று வடையாகின்றது. ஆகவே, நாம் காலையில் அருந்துந் தேநீரும் அவன் நண்பகலில் உண்ணும் வடையும் ஒரே தொழுவத்தின் இரு வாயில்களாதல் காண்க. கடைக்காரன்மேற் பழி போட்டுவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள இயலாது.

இவ்விடத்தே நம் அரசு கருதிய வழியொன்றையும் நினைத்தல் தகும். 2020 செப்டெம்பரில், மாடு அறுத்தலை இந்நாட்டில் விலக்கும் முன்மொழிவினை அமைச்சரவை ஏற்றது. பலர் மகிழ்ந்தனர். ஆனால், உண்பார்க்கு வேண்டிய இறைச்சியைப் பிறநாட்டிலிருந்து தருவித்துச் சலுகை விலையிற் கொடுத்தலும் அம்முன்மொழிவில் அடங்கியிருந்தது. நம் முற்றத்துக் குருதியைக் கழுவிவிட்டு, பிறர் முற்றத்திற் சிந்தச் செய்வது அறமாகுமா? அவ்விறைச்சி காடழித்த நிலத்திலிருந்து வரின், உலகுக்கு விளையுங் கேடு முன்னையினும் மிகுமேயன்றிக் குறையாது. சட்டம் கொல்லுமிடத்தை மாற்றலாம். உண்பவன் நாவினை மாற்றாது.

வள்ளுவர் புலான்மறுத்தல் என ஓரதிகாரம் வகுத்து, அதனுள் விற்பானை மட்டும் பழியாது, வாங்கி உண்பாரையே விற்பனைக்குக் காரணராக வைத்துப் பேசியது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இக்காலப் பொருளியல் நூலார் கேள்வியும் வழங்கலும் என்று கூறுவது அதுவே. அமேசனில் வாளோடு நிற்பவனை நாம் அறியோம். அவனைத் தடுக்கவும் வல்லோமல்லோம். ஆனால், அவன் வாளுக்குக் கூலி எங்கிருந்து செல்கின்றது என்பதனை அறிவோம். அக்கூலியைக் கொடுக்குங் கை நமதாயின், அதனை மடக்குதல் நம்மால் இயலும்.

ஆதலின், பழைய மாணவ அன்பர்க்கு யாம் வேண்டிக்கொள்வன சில. பிறநாட்டில் வாழ்வார், தம் மக்களுக்கு "வழக்கமன்று" என்னும் விடையோடு நில்லாது, மேற்கூறிய காரணங்களை அவர் அறியும் மொழியிலே எடுத்துக் கூறுக. பள்ளியில் மாட்டிறைச்சிக்கு ஈடாகப் பருப்புணவு கிடைக்குமாயின் அதனைக் கேட்டுப் பெறப் பழக்குக. உண்ணும் வழக்கமுடையார், முழுதும் விடுதற்கு இயலாராயின், பதப்படுத்திய இறைச்சியை முதலில் விடுக. ஏனையதைப் படிப்படியாகக் குறைக்க. ஊரில் வாழ்வார், பால் தந்த பசுவை முதுமையிலும் புரத்தல் பாலின் விலையில் ஒரு பகுதி என்று கணக்கிட்டு வளர்க்க; அவ்வாறு வளர்க்க இயலாத அளவுக்கு மாடு பெருக்காது ஒழிக. நம் சங்கம் எடுக்கும் விழாக்களிலும், எந்நாட்டில் எடுப்பினும், சைவ உணவையே பரிமாறுக. அவ்விருந்துக்கு அயல் மதத்தாரையும் அன்புடன் அழைக்க. நல்ல உணவு செய்யும் பிரசாரத்தை நம் நாவும் எழுதுகோலும் செய்தல் அரிது.

நம் கல்லூரியை நிறுவிய பெரியோர், பிள்ளைகள் தம் பண்பாட்டினை அறிந்து போற்றுதல் வேண்டும் என்று விரும்பினர். அறிதல் முன்னும் போற்றல் பின்னும் நிற்பது கருதத்தக்கது. ஊனுண்ணாமையை முன்னோர் அருளின்பாற் பட்டதாகக் கண்டனர். இன்றைய ஆராய்ச்சி அதனை உடல் நலத்தின்பாலும் உலக நலத்தின்பாலும் பட்டதாகக் காண்கின்றது. மூன்று வழியாகச் சென்றாரும் ஓரிடத்திற் கூடுகின்றனர் எனின், அவ்விடம் மெய்யிடம் என்று துணிதல் தவறாகாது. அடுத்த யூபிலியைக் கொண்டாடப் போகும் நம் மக்கள், குளிர்ந்த காற்றும் தெளிந்த நீரும் நிறைந்த உலகொன்றிற் கூடுவாராக. அதற்கு நாம் செய்யக்கூடியது நாளைய உணவுவேளையிலேயே தொடங்கட்டும்.

வாழ்க நம் கல்லூரி; வாழ்க உயிர்க்குலம்.